ஆதாம் ஏவாள் ஓவியத்தை எப்படிப் பார்ப்பது? கைகளில் தொடங்குங்கள்

ஒரு ஆண், ஒரு பெண், நடுவில் ஒரு மரம், அதில் ஒரு பாம்பு. இந்த நான்கும் கண்ணில் பட்டதும் "ஓ, ஆதாம் ஏவாள்" என்று சொல்லிவிட்டு அடுத்த படத்துக்கு நகர்ந்துவிடுகிறோம். கதை எல்லோருக்கும் தெரியும், தெரிந்த காரணத்தாலேயே ஓவியத்தை யாரும் நின்று பார்ப்பதில்லை. எனக்கு இது உண்மையிலேயே பெரிய மனக்குறை. சிரியாவின் தூரா யூரோப்பஸ் என்ற ஊரில் கி.பி. 240 வாக்கில் ஒரு வீட்டையே தேவாலயமாக மாற்றி, ஞானஸ்நான அறையின் சுவரில் இந்த இருவரையும் சின்னதாக வரைந்து வைத்திருந்தார்கள். அன்றிலிருந்து இன்றுவரை ஓவியர்கள் இந்தக் காட்சியை விடவே இல்லை. அத்தனை பேரும் ஒரு கேள்விக்குத் தங்கள் பதிலைச் சொல்லிக்கொண்டே வந்திருக்கிறார்கள்: தப்பு யார் மேல்? அந்தப் பதிலைப் பெரும்பாலும் கைகளில்தான் ஒளித்து வைத்திருப்பார்கள். அதை எப்படித் தேடுவது என்று நான் பழகிக்கொண்ட வழியைச் சொல்கிறேன்.

படத்துக்கு முன்னால் போய் நிற்பதற்கு முன்பு, பைபிளின் முதல் நூலான ஆதியாகமத்தின் முதல் மூன்று அதிகாரங்களை வாசித்துவிடுங்கள், அரை மணி நேரம்கூட ஆகாது. கேள்விப்பட்ட கதையை ஓரமாக வைத்துவிட்டு, எழுதியிருப்பதை மட்டும் வாசிக்க வேண்டும். வாசித்தால் சில விஷயங்கள் தூக்கிப்போடும். முதல் அதிகாரத்தில் ஆணும் பெண்ணும் ஒன்றாகவே, கடவுளின் சாயலில் படைக்கப்படுகிறார்கள், விலா எலும்பு என்ற பேச்சே அங்கே இல்லை. இரண்டாவது அதிகாரத்தில்தான் மண், மூக்கில் ஊதிய மூச்சு, ஆழ்ந்த உறக்கம், விலா எலும்பு எல்லாம் வருகின்றன. ஆதாம் என்ற பெயரே மண்ணைக் குறிக்கும் எபிரேயச் சொல்லோடு ஒட்டியது. ஏவாளுக்கு அந்தப் பெயர் கிடைப்பது பழத்தைத் தின்ற பிறகுதான், அதுவரை அவள் வெறும் "ஸ்திரீ". பாம்பு பாம்பாகத்தான் இருக்கிறது, அதைச் சாத்தான் என்று அந்த அதிகாரம் எங்கேயும் சொல்லவில்லை. ஆப்பிள் என்ற சொல்லும் கிடையாது, கனி என்று மட்டும்தான் இருக்கிறது.

இன்னொன்று இருக்கிறது, இதைக் கட்டாயம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஏவாள் கனியைப் பறித்துத் தின்று புருஷனுக்குக் கொடுக்கிற இடத்தில், எபிரேய மூலம் "அவளோடு இருந்த" புருஷன் என்று சொல்கிறது. அதாவது ஆதாம் எங்கேயோ தோட்டத்தின் மறுகோடியில் வேலை பார்த்துக்கொண்டிருக்கவில்லை, பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தான். ஐரோப்பா பல நூற்றாண்டுகள் படித்த லத்தீன் பைபிளில் அந்தச் சின்னச் சொல் விடுபட்டுப்போனது. மொழிபெயர்ப்பில் தொலைந்த ஒரே ஒரு சொல், ஆனால் அது போனதும் ஏவாள் தனியாகத் தப்பு செய்துவிட்டு அப்புறம் புருஷனைத் தேடிப்போய் மயக்கினாள் என்று கதை கட்டுவது சுலபமாகிவிட்டது. ஓவியங்களில் பாதி அந்தக் கட்டிய கதையைத்தான் வரைகின்றன. எழுதிய கதை எது, கட்டிய கதை எது என்று உங்களுக்குத் தெரிந்திருந்தால், ஓவியர் எந்தப் பக்கம் நிற்கிறார் என்பது சட்டென்று பிடிபடும்.

சரி, இப்போது படத்துக்கு முன்னால் நிற்கிறீர்கள். முதலில் இது எந்தக் கணம் என்று கண்டுபிடியுங்கள். ஆதாமைப் படைப்பதா, ஏவாளைப் படைப்பதா, பழத்தை எடுப்பதா, கடவுள் விசாரிப்பதா, வெளியே துரத்துவதா, வெளியே வந்து மண் கொத்திப் பிழைப்பதா? ஒரே படத்தில் இரண்டு மூன்று கணங்கள் இருந்தால் குழம்ப வேண்டாம், பழைய ஓவியர்களுக்கு அது சகஜம். வாடிகனில் சிஸ்டைன் சிற்றாலயத்தின் கூரையில், 1508 முதல் 1512 வரை மைக்கலாஞ்சலோ வரைந்த படங்களில் ஒன்று அப்படித்தான். ஒரே சட்டம், நடுவில் ஒரே மரம். இடப்பக்கம் பழத்தை எடுக்கிறார்கள், வலப்பக்கம் துரத்தப்படுகிறார்கள். மரத்தில் சுற்றியிருக்கும், மேலுடம்பு பெண்ணாக இருக்கிற பாம்பின் கை இடப்பக்கம் பழத்தோடு நீள்கிறது, அதே மரத்துக்குப் பின்னாலிருந்து தேவதூதனின் கை வலப்பக்கம் வாளோடு நீள்கிறது. கொடுக்கிற கையும் விரட்டுகிற கையும் ஒரே மரத்தில் கிளைத்த இரண்டு கிளைகள் மாதிரி இருக்கும். ஆசைக்கும் தண்டனைக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்று கேட்டால், இந்தப் படத்தில் ஒரு அடிமரத்தின் அகலம்தான்.

கணம் தெரிந்துவிட்டதா? அப்புறம் கைகள். படத்தில் எத்தனை கை இருக்கிறதோ அத்தனையையும் எண்ணி, ஒவ்வொன்றும் என்ன செய்கிறது என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். குழந்தைத்தனமாகத் தோன்றும், ஆனால் இதைவிடப் பலன் தருகிற பழக்கம் வேறு எனக்குத் தெரியாது. அதே சிஸ்டைன் படத்தில் ஆதாமின் கையைப் பாருங்கள். அவன் ஏவாளிடமிருந்து வாங்கிக்கொள்ளக் காத்திருக்கவில்லை. எழுந்து நின்று, அவள் தலைக்கு மேலே கிளையை எட்டிப் பிடிக்கிறான், தனக்கு வேண்டியதைத் தானே எடுக்கப்போகிற வேகம் அந்தக் கையில் இருக்கிறது. மைக்கலாஞ்சலோவின் தீர்ப்பு அந்தக் கையில் எழுதியிருக்கிறது: இருவரும்தான்.

இதோடு ஒப்பிட, வியன்னாவில் இருக்கும் ஹூகோ வான் டெர் கோஸ் வரைந்த ஓவியத்தைத் தேடிப் பாருங்கள், 15ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்தது. அளவில் சின்னப் படம்தான். ஏவாளின் ஒரு கையில் ஏற்கெனவே கடித்த பழம் இருக்கிறது, இன்னொரு கை மரத்தில் அடுத்த பழத்தைப் பறிக்கிறது. ஒன்று அவளுக்கு, ஒன்று அவனுக்கு. இங்கே நடவடிக்கை முழுக்க அவள் கையில். லூக்காஸ் கிரானாக் என்ற ஜெர்மானிய ஓவியரும் அவருடைய பட்டறையும் இந்தக் காட்சியை டஜன் கணக்கில் வரைந்து தள்ளியிருக்கிறார்கள். அதில் 1526இல் வரைந்த ஒன்று லண்டன் கோர்ட்டால்டு காட்சியகத்தில் இருக்கிறது. அதில் ஆதாம் ஒரு கையால் பழத்தை வாங்கிக்கொண்டே இன்னொரு கையால் தலையைச் சொறிகிறான். என்ன செய்வதென்று தெரியாமல் முழிக்கிற மனிதன், ஆனால் வாங்குகிற கை நிற்கவில்லை. ரெம்பிராண்ட் 1638இல் செய்த ஒரு சிறிய எட்சிங்கில் (உலோகத் தகட்டில் அமிலத்தால் அரித்து அச்செடுக்கும் படம்) ஆதாமின் தூக்கிய கை, தடுக்கவா எடுக்கவா என்று தெரியாமல் தொங்குகிறது. அந்த இருவரும் அழகான சிலைகள் மாதிரி இல்லாமல் தளர்ந்த சதையோடு, வாழ்ந்து களைத்த சாதாரண மனிதர்களாக இருக்கிறார்கள், எனக்கு அந்தப் படம் மிகவும் பிடிக்கும்.

ஆனால் கைகளைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நான் கடைசியில் வந்து நிற்கிற இடம் ஜெர்மனியின் ஹில்டஸ்ஹைம்தான். அங்கே பேராலயத்தில் 1015இல் பிஷப் பெர்ன்வார்டுக்காக வார்த்த இரண்டு பெரிய வெண்கலக் கதவுகள் இருக்கின்றன, ஒவ்வொரு கதவிலும் எட்டுக் காட்சிகள். இடது கதவின் நான்காவது காட்சி, பழம் தின்ற பிறகு நடக்கிற விசாரணை. கடவுள் ஆதாமை நோக்கி விரலை நீட்டுகிறார். ஆதாம் ஒரு கையால் இலையைப் பிடித்து மறைத்துக்கொண்டு, குனிந்து, இன்னொரு கையை ஏவாள் பக்கம் காட்டுகிறான். ஏவாளும் அதே மாதிரி கூனிக்குறுகி ஒரு கையால் மறைத்தபடி, மறு கையால் தரையில் கிடக்கும் பாம்பைக் காட்டுகிறாள். நான் இல்லை, அவள். நான் இல்லை, அது. பழி கை மாறிக் கை மாறிக் கீழே இறங்குவதை வெண்கலத்தில் வார்த்து ஆயிரம் வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஒரு வீட்டில் கண்ணாடி டம்ளர் உடைந்தால் பிள்ளைகள் செய்வது அச்சு அசலாக இதுதான். உருவங்களின் உடல் கதவோடு ஒட்டியிருக்க, தலைகள் மட்டும் கதவை விட்டு வெளியே துருத்திக்கொண்டு நிற்பதால், பக்கவாட்டிலிருந்து பார்த்தால் அந்தத் தலைகுனிவு இன்னும் நன்றாகத் தெரியும். இதே கதவுகளில் இன்னொரு வேலையும் செய்து பாருங்கள்: இடது கதவை மேலிருந்து கீழாகவும், வலது கதவைக் கீழிருந்து மேலாகவும் படிக்க வேண்டும். ஒரு பக்கம் மனிதன் இறங்குகிறான், மறுபக்கம் இயேசுவின் கதை ஏறுகிறது. பழம் பறிக்கிற காட்சிக்கு நேர் எதிரே, அதே வரிசையில், சிலுவை. மரத்துக்கு எதிரே மரம்.

கைகளை முடித்ததும் பாம்புக்குப் போங்கள். அதற்குக் கால் இருக்கிறதா என்று பாருங்கள், வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. வயிற்றால் ஊர்ந்து போவாய் என்று கடவுள் சபிப்பது சம்பவத்துக்குப் பிறகு. அப்படியானால் அதற்கு முன்பு அது ஊரவில்லை என்றுதானே அர்த்தம்? ஹூகோ வான் டெர் கோஸ் இதை அப்படியே எடுத்துக்கொண்டு, மரத்தோரம் இரண்டு காலில் நிற்கிற பல்லி மாதிரி ஒரு பிராணியை வரைந்திருக்கிறார். அதற்குப் பெண்ணின் முகம். இந்தப் பெண்முகம் ஆதியாகமத்தில் கிடையாது. 12ஆம் நூற்றாண்டில் பெத்ருஸ் கொமெஸ்டோர் என்ற பிரெஞ்சு அறிஞர், ஒத்த உருவம் ஒத்ததை ஈர்க்கும் என்பதால் பாம்பு கன்னிப்பெண் முகத்தோடு வந்தது என்று எழுதினார். அவருடைய நூல் எங்கும் பரவ, அதற்கு அப்புறம் பாம்புக்குப் பெண் தலை வைப்பது வழக்கமாகிவிட்டது. சில படங்களில் பாம்பின் முகமும் ஏவாளின் முகமும் அக்கா தங்கை மாதிரி இருக்கும். அப்படி இருந்தால் அந்த ஓவியர் பெண் மேல் இரண்டு மடங்கு பழி போடுகிறார் என்று தாராளமாகச் சொல்லலாம். எனக்கு அந்தப் படங்களின் அழகு பிடிக்கும், அந்தத் தீர்ப்பு பிடிக்காது.

பழத்தில் அதிக நேரம் செலவிட வேண்டாம். லத்தீனில் ஆப்பிளுக்கும் தீமைக்கும் கிட்டத்தட்ட ஒரே சொல், அந்தச் சொல்லொற்றுமை ஆப்பிளுக்கு உதவியது என்பார்கள். வட ஐரோப்பிய ஓவியர்கள் ஆப்பிளை வரைந்தார்கள், இத்தாலியில் அத்தி மரம் நிறைய வரும், மைக்கலாஞ்சலோ வரைந்ததும் அத்திதான். தின்றதும் அத்தி இலையைத்தான் தைத்து உடுத்தினார்கள் என்று எழுதியிருப்பதால், கைக்கெட்டிய மரம் அதுவாகத்தானே இருக்கும் என்ற கணக்கு. யூத ரபிகள் திராட்சை, கோதுமை, அத்தி என்று ஆளுக்கொன்று சொல்லி வாதாடியிருக்கிறார்கள்.

இலை விஷயத்தில் கொஞ்சம் கவனமாக இருங்கள். தின்பதற்கு முன்பு அவர்களுக்கு வெட்கம் கிடையாது, அதனால் இலையும் கிடையாது. பழம் இன்னும் வாய்க்குப் போகாத படத்தில் இலை இருந்தால், அது மரத்திலிருந்து தற்செயலாக நீண்ட கிளை மாதிரி வரைந்திருக்கிறதா என்று பாருங்கள். ஆல்பிரெக்ட் டூரர் 1504இல் செய்த செப்புத்தகட்டுப் படத்தில் அப்படித்தான் சமாளித்திருப்பார். அப்படி எதுவும் இல்லாமல், ஒட்டவைத்த மாதிரி இலை தெரிந்தால் பிற்காலத்தில் யாரோ சேர்த்ததாக இருக்கலாம். தோட்டத்தை விட்டுப் போகும்போதோ இலைகூட இருக்கக்கூடாது, கடவுள் தோலால் உடை செய்து கொடுத்த பிறகுதான் அனுப்பினார் என்று எழுதியிருக்கிறது. ஃப்ளோரன்ஸில் மசாச்சியோ வரைந்த வெளியேற்றக் காட்சியில் அவர்கள் நிர்வாணமாகவே போகிறார்கள், எழுத்தை மீறித்தான் வரைந்தார். அதற்கு 1680 வாக்கில் யாரோ இலைக்கொத்து வரைந்து மறைத்தார்கள், 1980களில் நடந்த சீரமைப்பில் அதை எடுத்தார்கள். பழைய புத்தகத்தில் இலையோடும் புதிய புத்தகத்தில் இலையில்லாமலும் அந்தப் படத்தைப் பார்த்தால் இதுதான் காரணம். பெல்ஜியத்தின் கென்ட் நகரில் வான் ஐக் சகோதரர்களின் பலிபீட ஓவியத்துக்கு (1432) இதைவிட மோசமாக நடந்தது. அதன் ஆதாமும் ஏவாளும் ரொம்பவும் நிஜமாக இருக்கிறார்கள் என்று 18ஆம் நூற்றாண்டில் கழற்றி வைத்துவிட்டு, 19ஆம் நூற்றாண்டில் தோலாடை போர்த்திய வேறு ஆதாம் ஏவாளை வரைந்து மாட்டினார்கள். உண்மையானவர்கள் இப்போது திரும்பிவிட்டார்கள். அந்த ஆதாமின் கைகளைக் கிட்டத்தில் பாருங்கள், மணிக்கட்டுக்குக் கீழே தோல் வெயிலில் கறுத்திருக்கும், உடம்பு வெளுத்திருக்கும். சட்டை போட்டு வெயிலில் வேலை செய்த ஒரு மனிதனை முன்னால் நிறுத்தி வரைந்திருக்கிறார்கள். உடையே கண்டிராத முதல் மனிதன் மேல் சட்டையின் தடம்! அவன் வலது பாதமும் சட்டத்தைத் தாண்டி நம் பக்கம் வைக்கிற மாதிரி இருக்கும், கீழேயிருந்து பார்ப்பதால் உள்ளங்கால்கூடக் கொஞ்சம் தெரியும்.

டூரரின் பெயரைச் சொன்னதால் மிருகங்களையும் சொல்லிவிடுகிறேன். அவருடைய படத்தில் ஏவாளின் காலடியில் பூனை, ஆதாமின் காலருகே எலி. பூனை எலியைப் பிடிக்கவில்லை, இன்னும் பிடிக்கவில்லை. பின்னால் முயல், எருது, காட்டுமான், ஒரு கிளையில் கிளி, தூரத்தில் செங்குத்தான பாறை நுனியில் தன்னந்தனியாக ஒரு மலையாடு. முயல், எருது, பூனை, மான் நான்கும் மனித உடம்பை ஆளும் நான்கு குணங்கள் என்று கலை வரலாற்றாளர்கள் படிக்கிறார்கள், தோட்டத்தில் அவை சமமாக இருந்தன, பழத்துக்குப் பிறகு சமநிலை போனது என்று. அந்தக் கோட்பாடு தெரியாவிட்டாலும் பரவாயில்லை, பூனையையும் எலியையும் மட்டும் பார்த்தால் போதும், அடுத்த நொடி என்ன ஆகும் என்று வயிற்றில் ஒரு பதைப்பு வரும்.

அடுத்தது, ஆதாம் ஏவாள் தலைப்பிலேயே இல்லாத படங்களில் அவர்களைத் தேடுவது. சிலுவையின் அடியில் ஒரு மண்டையோடு கிடந்தால், அது ஆதாமுடையது. இயேசுவைச் சிலுவையில் அறைந்த கொல்கொதாவில்தான் ஆதாம் புதைக்கப்பட்டான் என்பது பழைய கிறிஸ்தவ மரபு. கபிரியேல் தூதன் மரியாளிடம் வருகிற படத்தில் ஓரத்தில் ஒரு தோட்டம் இருந்தால் அங்கேயும் பாருங்கள். மாட்ரிட்டின் பிராடோ அருங்காட்சியகத்தில் இருக்கும் ஃப்ரா ஆஞ்சலிகோவின் படத்தில், வலப்பக்கம் மரியாள் தலைகுனிந்து சம்மதம் சொல்லிக்கொண்டிருக்க, இடப்பக்கம் அந்த இருவரும் துரத்தப்பட்டுப் போய்க்கொண்டிருப்பார்கள். லத்தீனில் ஏவாளின் பெயரைத் திருப்பி எழுதினால் தூதன் மரியாளுக்குச் சொன்ன வாழ்த்துச் சொல் வரும், இடைக்காலத்தில் இந்தச் சொல்விளையாட்டு எல்லோருக்கும் தெரிந்தது.

கிழக்குத் திருச்சபையின் உயிர்த்தெழுதல் படங்களை மட்டும் தயவுசெய்து தவறவிடாதீர்கள். அதில் இயேசு கல்லறையிலிருந்து எழுவதை வரையமாட்டார்கள், பாதாளத்துக்கு இறங்கி ஆதாமையும் ஏவாளையும் மீட்பதைத்தான் வரைவார்கள். இஸ்தான்புல்லின் கோரா ஆலயத்தில் 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வரைந்த சுவரோவியம் இதில் உச்சம். நடுவில் வெள்ளை உடையில் இயேசு, காலடியில் உடைந்து விழுந்த கதவுகள், சிதறிய பூட்டும் சாவியும், கட்டிப்போட்ட சாத்தான். ஒரு கையில் ஆதாம், மறு கையில் சிவப்பு உடையில் ஏவாள். பழைய படங்களில் பெரும்பாலும் ஆதாமைத்தான் கைப்பிடித்துத் தூக்குவார், ஏவாள் தன் முறைக்குக் காத்து நிற்பாள். இங்கே இருவரையும் ஒரே நேரத்தில், சமமாக. உள்ளங்கையைப் பிடிக்கவில்லை, மணிக்கட்டைப் பிடித்திருக்கிறார். கிணற்றில் விழுந்த பிள்ளையை அப்படித்தான் பிடிப்போம், அது நம் கையைப் பற்றுமா பற்றாதா என்று பார்த்துக்கொண்டிருக்கமாட்டோம். பழத்துக்கு நீண்ட அதே கைகள், இங்கே தளர்ந்து தொங்குகின்றன.

இஸ்லாமிய மரபின் படம் கையில் கிடைத்தால் ஆதியாகமத்தை மூடி வைத்துவிடுங்கள். குர்ஆனில் ஆதம் முதல் மனிதரும் நபியும், விலா எலும்புக் கதை அதில் இல்லை, மனைவியின் பெயரும் இல்லை, ஹவ்வா என்ற பெயர் மரபிலிருந்து வருவது. ஷைத்தான் இருவரையும் வழுக்கச் செய்கிறான், இருவரும் சேர்ந்தே மன்னிப்புக் கேட்கிறார்கள், மன்னிப்பும் கிடைக்கிறது. தலைமுறை தலைமுறையாகத் தொடரும் ஆதிப் பாவம் என்ற கருத்தே அங்கே கிடையாது. ஆகவே "யார் மேல் தப்பு" என்ற கேள்வியோடு அந்தப் படத்துக்குப் போனால் ஒன்றும் கிடைக்காது. 1550களில் ஈரானின் சஃபவிய அரசவையில் உருவான ஃபால்நாமா என்ற குறிபார்க்கும் நூலின் ஓவியத்தில் ஆதம் ஒரு பெரிய பாம்பின் மேலும் ஹவ்வா மயிலின் மேலும் ஏறித் தோட்டத்தை விட்டுப் போகிறார்கள். இருவர் தலையைச் சுற்றியும் பொன் சுடர். வெளியேற்றப்படுகிறவர்கள்தான், ஆனால் மரியாதை குறையவில்லை.

பழகிப்பார்க்க ஒரு இடம் சொல்கிறேன், இணையத்தில் நல்ல தெளிவான படங்கள் கிடைக்கும். ஃப்ளோரன்ஸின் பிரான்காச்சி சிற்றாலயம், 1420களின் வேலை. நுழைவின் வலப்பக்கத் தூணில் மசோலினோ வரைந்த ஆதாம் ஏவாள், பழம் தின்னப் போகிறவர்கள். எதிர்த் தூணில் மேலே சொன்ன மசாச்சியோவின் படம், தின்றவர்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு கணம், கை, பாம்பு, இலை என்று வரிசையாகக் கேட்டுப் பாருங்கள். மசோலினோவின் இருவரும் அமைதியாக, பட்டுப்போன்ற உடம்போடு நிற்கிறார்கள், பாதம் தரையில் பாரமாக ஊன்றவே இல்லை, மிதக்கிற மாதிரி. பாம்புக்கு ஏவாளைப் போலவே பொன்னிறத் தலை. மசாச்சியோவில் ஏவாள் கைகளால் உடம்பை மறைத்து, முகத்தை மேலே தூக்கி, வாய்திறந்து அலறுகிறாள். ஆதாம் உடம்பை மறைக்கவில்லை, இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொள்கிறான், அழுகையில் வயிறு உள்ளே ஒட்டியிருக்கிறது. ஒருத்திக்கு வெட்கம் உடம்பில், ஒருவனுக்கு வெட்கம் முகத்தில், யார் மீதும் யாரும் விரல் நீட்டவில்லை. அப்புறம் கால்களுக்குக் கீழே பாருங்கள். எதிர்த் தூணில் மிதந்தவர்கள் இங்கே தரையில் மிதித்து நடக்கிறார்கள், மண்ணில் அவர்கள் நிழல் விழுகிறது.